வெளிநாட்டு மெயிலில் வரும் ஆங்கிலம்: வணிகச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் எப்படிப் பிடிப்பது?

முந்திரிக்கொத்து, புதுக்கடை

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கடை பக்கம் ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் ஏற்றுமதிக் கடிதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி, கல்லூரியில் பி.காம். இலக்கணம் பரவாயில்லை, வாசித்தால் ஓரளவு புரியும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் மெயிலில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்லாக இருக்கிறது, சேர்த்து வாசித்தால் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடவில்லை.

நேற்று வந்ததை அப்படியே தருகிறேன், அதில் டபிள்யூ 320 என்பது முந்திரிப் பருப்பின் ஒரு தரம். "யுவர் ஆஃபர் ஃபார் டபிள்யூ 320 இஸ் ஆன் த ஹை சைட். கேன் யூ ஷார்ப்பன் யுவர் பென்சில்? வீ ஆர் ஹேப்பி டு சிட் ஆன் த ஃபென்ஸ் டில் த நியூ கிராப், பட் இஃப் யூ மீட் அஸ் ஹாஃப்வே வீ கேன் க்ளோஸ் திஸ் வீக்."

பென்சிலை எதற்குச் சீவ வேண்டும், வேலியில் யார் உட்காருகிறார்கள், க்ளோஸ் என்றால் கடையைச் சாத்துகிறார்களா? அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்த்தும் ஓடவில்லை. ஐந்நூறு மரபுத்தொடர், ஆயிரம் வணிகச் சொல் என்று பட்டியல்கள் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. அதை உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் சரியாகுமா, வேறு வழி இருக்கிறதா?

வடசேரி அண்ணாச்சி

தங்கச்சி, முதலில் ஒரு நல்ல செய்தி. அந்த மெயில் மறுப்பு கிடையாது, பேரம். வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள், விலைதான் இடிக்கிறது.

ஆன் த ஹை சைட் என்றால் கொஞ்சம் கூடுதல். ஷார்ப்பன் யுவர் பென்சில் என்றால் கணக்கை இன்னொரு தடவை போட்டு விலையைக் குறையுங்கள் என்று அர்த்தம். அடுத்தது வேலி. புதுப் பருவத்து முந்திரி வரும்வரை எந்தப் பக்கமும் சாயாமல் காத்திருக்க எங்களால் முடியும் என்கிறார்கள், அதாவது எங்களுக்கு அவசரம் இல்லை என்று காட்டுகிறார்கள். மீட் அஸ் ஹாஃப்வே என்றால் பாதி நீங்கள் இறங்குங்கள், பாதி நாங்கள் ஏறுகிறோம். உதாரணத்துக்கு, நீங்கள் பவுண்டுக்கு 3.40 டாலர் சொல்லி அவர்கள் 3.30 கேட்டிருந்தால் 3.35-இல் முடிக்கலாம். க்ளோஸ் என்றது வியாபாரத்தை இந்த வாரமே முடிப்பதை. உங்கள் முதலாளி பார்க்க வேண்டியது கடைசி வரி ஒன்றுதான்.

நான் ஏற்றுமதி டாக்குமென்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கூட வேலை பார்த்த பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வது இதுதான்: மெயில் வந்ததும் சொல்லுக்குச் சொல் பார்க்காதீர்கள். யார் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற கேள்விகளுக்குப் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள், அது கிடைத்துவிட்டால் பென்சிலும் வேலியும் தானாகப் புரியும்.

டெக்னோபார்க் பயணி, குழித்துறை

அண்ணாச்சி சொல்வது மெயிலுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். மெயிலை நாலு தடவை வாசிக்கலாம். மீட்டிங்கில் அப்படி முடியாது. தினமும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய் வேலை பார்க்கிறவன் நான், அமெரிக்கக் குழுவோடு மாலையில் கால் இருக்கும். லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன் என்பார்கள், இணையத்தை அணைக்கச் சொல்லவில்லை, இந்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் பேசாமல் பிறகு தனியாகப் பேசுவோம் என்பது. சர்க்கிள் பேக் என்றால் அப்புறம் திரும்ப வருகிறேன். பால்பார்க் ஃபிகர் என்றால் உத்தேசக் கணக்கு, பேஸ்பாலில் இருந்து வந்தது. த பால் இஸ் இன் யுவர் கோர்ட், டென்னிஸில் இருந்து: இனி நீங்கள்தான் ஆட வேண்டும், உங்கள் பதிலுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் முன்னாலேயே தெரிந்தவனுக்குத்தான் அந்த நேரத்தில் காதில் விழும். அதனால் பட்டியல் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லக்கூடாது.

இன்னொன்று, நாமும் பேசும்போது இந்த மாதிரிச் சொற்களைப் போட்டால்தான் மதிக்கிறார்கள். என் அனுபவம் இது.

நாகர்கோவில் டீச்சர்

தம்பி, பட்டியல் வைத்திருக்கலாம், ஆனால் அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். ஐந்நூறு மரபுத்தொடரை வரிசையாக மனப்பாடம் செய்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அர்த்தம் கேட்டால் பட்டென்று சொல்வார்கள். யார் யாரிடம் சொல்வது, எழுத்திலா பேச்சிலா, சொன்னால் கோபமா நட்பா என்று கேட்டால் முழிப்பார்கள்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். கையை விரித்தான், காலை வாரினான், தலையில் கட்டினான், கம்பி நீட்டினான். நம் மாவட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கிற ஒரு வடநாட்டுப் பையனுக்கு இந்த நாலையும் அகராதி வைத்து விளக்க முடியுமா? சந்தையில் நாலு நாள் நின்றால் அவனே பிடித்துக்கொள்வான், ஏனென்றால் அங்கே கடன் கேட்டவன் முகமும் கையை விரித்தவன் முகமும் அவன் கண்முன்னால் இருக்கும். ஆங்கிலத்திலும் தொடரைத் தனியாக எழுதிவைக்காமல் அது வந்த முழு வாக்கியத்தையும், யார் எழுதினார், அதற்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். முந்திரிக்கொத்து, உங்கள் அலுவலகத்துப் பழைய மெயில்களை விட நல்ல பாடப்புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் தொழிலில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அது மட்டும்தான் அதில் இருக்கும்.

நம்மை அறியாமலேயே சிலவற்றைத் தமிழாக்கியும் வைத்திருக்கிறோம். சிவப்பு நாடா, வெள்ளை யானை, முதலைக் கண்ணீர், பச்சைக்கொடி காட்டுவது, எல்லாம் ஆங்கிலம் வழியாக வந்தவை. பழைய ஆவணக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டி வைத்ததால் வந்த ரெட் டேப் நமக்கு இன்றைக்குத் தமிழ்போலவே தோன்றுகிறது.

பெரும்பாலும் இந்தியாவுக்குள் ஓடும் ஆங்கிலமும் இருக்கிறது, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரிவர்ட் என்றால் நமக்குப் பதில் அனுப்புவது, மற்ற நாட்டவர் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. பாஸ் அவுட் என்றால் நமக்குப் படித்து முடிப்பது, அவர்களுக்கு மயங்கி விழுவது. ப்ரிபோன் (முன்னதாக வைப்பது), டூ த நீட்ஃபுல் (வேண்டியதைச் செய்வது), அவுட் ஆஃப் ஸ்டேஷன் (வெளியூரில் இருப்பது) எல்லாம் இதே வகை. இவற்றில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, சென்னைக்கும் டெல்லிக்கும் தாராளமாக எழுதுங்கள். ஹாம்பர்க்குக்கு எழுதும்போது ப்ளீஸ் ரிப்ளை என்று எழுதினால் போதும்.

வடசேரி அண்ணாச்சி

டீச்சர் சொன்ன பழைய மெயில் யோசனை நூற்றுக்கு நூறு.

ஆனால் தங்கச்சி, அலங்காரமான தொடர்களைப் பார்த்துப் பயப்படுவதைவிடச் சாதாரணச் சொற்களைப் பார்த்துப் பயப்படுங்கள். எல்.சி. வழியாக, அதாவது வாங்குபவரின் பேங்க் பணத்துக்கு உறுதி தரும் கடிதம் வழியாக வியாபாரம் என்றால் அபவுட், பிஃபோர், அன்டில் போன்ற பள்ளிக்கூடச் சொற்களுக்கே சட்டம் இருக்கிறது. சர்வதேச வணிகச் சபையின் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு 2007 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது, எல்.சி.யில் அதன் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் அது சொல்வதுதான் அர்த்தம்.

ஒரு எல்.சி.யில் அபவுட் 700 கார்ட்டன்ஸ் என்று இருந்தால், சுமார் என்று பொதுவாக நினைத்துவிடக் கூடாது. பத்து சதவீதம் கூடவோ குறையவோ போகலாம், அதாவது 630 முதல் 770 வரை. அபவுட் அளவுக்கு முன்னால் இருந்தால் அளவுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, தொகைக்கு முன்னாலும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 770 கார்ட்டன் அனுப்பி பில் தொகை எல்.சி. தொகையைத் தாண்டிப் போய் பேங்கில் மாட்டிக்கொள்ளும்.

ஷிப்மென்ட் ஆன் ஆர் அபவுட் 15 மார்ச் என்றால் மார்ச் 10 முதல் 20 வரை, இரண்டு தேதியும் சேர்த்து. பிகினிங் ஆஃப் மார்ச் என்றால் 1 முதல் 10, மிடில் என்றால் 11 முதல் 20, எண்ட் என்றால் 21 முதல் மாதக் கடைசி. ஃபர்ஸ்ட் ஹாஃப் 1 முதல் 15, செகண்ட் ஹாஃப் 16 முதல் கடைசி நாள். கப்பலேற்றும் தேதிக்கு அன்டில் 20 மார்ச் என்றால் இருபதாம் தேதியும் சேர்த்தி, பிஃபோர் 20 மார்ச் என்றால் பத்தொன்பதோடு முடிந்தது. இந்த ஒரு நாளில் கன்டெய்னர் சரக்குக்கான பணம் நின்றுபோகும், ஏனென்றால் பேங்க் பார்ப்பது காகிதத்தை மட்டும், உங்கள் முந்திரி எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கப்போவதில்லை. இன்னொன்று கேளுங்கள்: ப்ராம்ப்ட், இம்மீடியட்லி, ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் போன்ற சொற்களைப் பேங்க் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அவசரம் என்று மட்டும் சொன்னால் அதை எந்தத் தேதியோடு ஒப்பிடுவது?

சி.ஐ.எஃப். என்ற விலை முறையிலும் ஒரு விஷயம். விற்பவர் கப்பல் கூலியும் இன்சூரன்சும் கட்டுகிறார், அதனால் அங்கே போய்ச் சேரும்வரை சேதத்துக்கும் அவர்தான் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் கூலியை வாங்குபவரே கட்டும் எஃப்.ஓ.பி.யானாலும் சி.ஐ.எஃப். ஆனாலும், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேதப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும். வித்தியாசம் செலவை யார் கட்டுவது என்பதில்தான்.

குலசேகரம் ரப்பர்

அண்ணாச்சி பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ரப்பர் இருக்கிறது, விடியற்காலம் பால்வெட்டு முடிந்தால் ஷீட் அடிப்பது என் வேலை. சந்தைச் செய்தியை ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறேன், கோட்டயத்தில் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்து ரப்பர் ஷீட் என்ன விலை என்று. அதில் வரும் சொற்களைப் பொதுவாக யாரும் சொல்லித்தருவதில்லை.

ரப்பர் ஃபர்ம்டு என்றால் விலை கொஞ்சம் ஏறி நிலைத்தது. ஈஸ்டு என்றால் சுலபமானது என்று எடுக்கக்கூடாது, லேசாக இறங்கியது. ஸ்டெடி, மாற்றமில்லை. தின் ட்ரேட் என்றால் வாங்குகிறவனும் விற்கிறவனும் குறைவு, அன்றைய விலையை அப்படியே நம்பி ஷீட்டை இறக்க வேண்டாம். பிராஃபிட் புக்கிங் என்றால் ஏற்கெனவே குறைந்த விலையில் வாங்கியவர்கள் லாபத்தைப் பார்த்து விற்கிறார்கள், அதனால் விலை அமுங்குகிறது. காளை என்றால் ஏறும் சந்தை, கரடி என்றால் இறங்கும் சந்தை, இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.

முந்திரிக்கொத்து, இதில் உங்களுக்கும் ஒன்று உண்டு. உங்கள் தொழிலில் ஃபர்ம் என்பது இரண்டு விதமாக வரும் என்று நினைக்கிறேன். மார்க்கெட் இஸ் ஃபர்ம் என்றால் விலை இறங்காது என்ற அர்த்தம். ஃபர்ம் ஆஃபர் என்றால்? அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

தக்கலை சிஸ்டர், இப்போது இங்கிலாந்தில்

பழைய இழையில் இருந்து இங்கே வந்தேன். வணிகம் இல்லை, ஆனால் கேட்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன். ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வை எழுதி இங்கே வர நினைக்கும் நர்ஸ்கள் பரீட்சைக்குப் படிப்பது ஒன்று, வார்டில் வயதான நோயாளி சொல்வது வேறொன்று.

ஐ ஃபீல் அண்டர் த வெதர் என்றால் உடம்பு சரியில்லை. ஆஃப் கலர், பீக்கி, இரண்டும் ஏறக்குறைய அதுதான். பின்ஸ் அண்ட் நீடில்ஸ் என்றால் மரத்துப்போய்க் குறுகுறு என்று இருப்பது, இதை விட்டுவிடாமல் எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுத வேண்டும். வாட்டர்வர்க்ஸ் என்றால் வீட்டுக் குழாய் இல்லை, சிறுநீர் சம்பந்தப்பட்டது. பங்டு அப் என்றால் மூக்கடைப்பாகவும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி என்று ஒரு பாட்டி சொன்னால் கடைக்குப் போக ஆசைப்படவில்லை, கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால் திறக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த மனுஷி எவ்வளவு சங்கடப்படுவார் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வலியையும் வெட்கத்தையும் யாரும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொல்வதில்லை.

இந்த ஊர்க்காரர்களிடம் இன்னொரு பழக்கம், மறுப்பை மெதுவாகச் சொல்வார்கள். ஐ வில் பேர் இட் இன் மைண்ட் என்றால் பெரும்பாலும் செய்யப்போவதில்லை. வித் ரெஸ்பெக்ட் என்று தொடங்கினால் அடுத்தது மறுப்பு. குவைட் குட் என்று இங்கே சொன்னால் பரவாயில்லை என்ற அளவுதான், அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்று என்று எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து மெயிலை வாசியுங்கள் தங்கச்சி.

டெக்னோபார்க் பயணி, குழித்துறை

சிஸ்டர் சொன்ன நாட்டு வித்தியாசம் எங்களுக்கும் தினப்படி விஷயம். லெட்ஸ் டேபிள் திஸ் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே விவாதிப்போம், அமெரிக்கர் சொன்னால் தள்ளிவைப்போம். நேர் எதிர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சிலே எழுதிவைத்திருக்கிறார். தேதியும் அப்படித்தான், 05/06 என்றால் அமெரிக்கர்களுக்கு மே 6, நமக்கு ஜூன் 5. க்யூ ஒன், அதாவது முதல் காலாண்டு என்றால் நம் நிதியாண்டில் ஏப்ரல் முதல் ஜூன், அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு ஜனவரி முதல் மார்ச்.

குளச்சல் கடலோடி

கப்பலில் வேலை பார்க்கிறேன், கரைக்கு வந்தால்தான் இங்கே எட்டிப்பார்ப்பது. நீங்கள் எல்லோரும் ஆபீஸ் ஆங்கிலம் என்று சொல்வதில் பாதி எங்கள் ஆங்கிலம் மக்களே. லேர்ன் த ரோப்ஸ், தொழிலைக் கற்றுக்கொள்வது: பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதற்கு என்று படிப்பதில் இருந்து வந்தது. ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக், எல்லோரும் கைகொடுக்க வேண்டிய நேரம். பை அண்ட் லார்ஜ் என்று மேனேஜர்கள் அடிக்கடி எழுதுகிறார்களே, அது காற்றை எதிர்த்து ஓடுவதையும் காற்றோடு ஓடுவதையும் சேர்த்துச் சொன்ன மாலுமிப் பேச்சு. கிவ் எ வைட் பெர்த் என்றால் எட்டி நில். நம் கரையில் காற்றும் பாயும் தெரிந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும், மறக்கவே மறக்காது.

நம்மிடம் இருந்து போனதும் உண்டு. கேட்டமரான் நம் கட்டுமரம்தான், ஆனால் ஆங்கிலத்தில் இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டு உடல் சேர்ந்த படகு என்று பொருள். வேலை விளம்பரத்தில் கேட்டமரான் க்ரூ என்று பார்த்து நம் பையன்கள் கட்டுமரத்தை நினைத்துவிடக்கூடாது, அது இஞ்சின் வைத்த பயணிகள் படகாக இருக்கலாம்.

நாகர்கோவில் டீச்சர்

கடலோடி, சுருட்டு அங்கே போய் ஷெரூட் ஆனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழித்துறைத் தம்பி முதலில் சொன்ன ஒன்றுக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. மரபுத்தொடரைப் போட்டுப் பேசினால்தான் மதிப்பார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புரிந்துகொள்ள நிறையத் தெரிந்திருக்க வேண்டும், எழுத அவ்வளவு தேவையே இல்லை. வாங்குபவர் ஜெர்மானியராகவோ ஜப்பானியராகவோ இருந்தால் அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். நீங்கள் பென்சிலைச் சீவச் சொன்னால் அவரும் உங்களைப்போல அகராதியைத் தேடுவார். விலை, அளவு, தேதி மூன்றையும் நேராக எழுதுகிறவரைத்தான் வியாபாரத்தில் நம்புவார்கள்.

டெக்னோபார்க் பயணி, குழித்துறை

எழுத்துக்கு ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். பேச்சில் எனக்கு இன்னும் வேறு கருத்துதான், ஒன்றிரண்டு தொடர் இயல்பாக வந்தால் குழுவில் நெருக்கம் கூடுகிறது. தெரியாததைப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

முந்திரிக்கொத்து, புதுக்கடை

எல்லோருக்கும் நன்றி. பழைய மெயில்களைத் திறந்து முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரே வாங்குபவர் திரும்பத் திரும்ப ஒரே பத்துப் பதினைந்து தொடரைத்தான் எழுதுகிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது. அவுட்ஸ்டாண்டிங் என்று அவர் எழுதியதெல்லாம் பாக்கி நிற்கும் பணத்தைப் பற்றி, பாராட்டு ஒன்றுகூட இல்லை.

முதலாளியிடம் பேசி இப்படி ஒரு பதில் தயார் செய்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி. "வீ கேன் ஆஃபர் 700 கார்ட்டன்ஸ் டபிள்யூ 320 அட் யு.எஸ். டாலர் 3.35 பெர் பவுண்டு எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. ஷிப்மென்ட் செகண்ட் ஹாஃப் ஆஃப் அக்டோபர். திஸ் ஆஃபர் இஸ் ஃபர்ம் அன்டில் ஃப்ரைடே."

வடசேரி அண்ணாச்சி

நன்றாக இருக்கிறது, ஒரு சொல்கூட வீண் இல்லை. இரண்டு இடம் மட்டும் திருத்துங்கள். ஃப்ரைடே என்று விடாமல் தேதியும் மாதப் பெயரும் எழுத்தில் போட்டு, மாலை ஐந்து மணி இந்திய நேரம் என்று சேருங்கள், இல்லாவிட்டால் அவர்கள் ஊர் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒப்புதல் அனுப்பி நேரத்துக்குள்தான் அனுப்பினோம் என்பார்கள். அப்புறம், பணம் எப்படி என்று எழுதவில்லை. எல்.சி.யா, டாக்குமென்ட் காட்டியதும் பணமா என்று ஒரு வரி வேண்டும்.

குலசேகரம் தம்பி கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஃபர்ம் ஆஃபர் என்றால் அந்த நேரம்வரை விலையை மாற்ற மாட்டோம், அதற்குள் அவர்கள் சரி என்றால் வியாபாரம் முடிந்தது என்ற வாக்கு. அதற்குள் வேறு ஒருவர் கூடுதல் விலை கேட்டு வந்தாலும் இந்த 700 கார்ட்டனை அவருக்குப் பேச முடியாது. அப்படிக் கட்டுப்பட வேண்டாம் என்றால் சப்ஜெக்ட் டு அன்சோல்ட் என்று எழுதுவார்கள், விற்காமல் இருந்தால் தருகிறோம் என்பது. இரண்டில் எது வேண்டும் என்று முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.